ஆறாம் மாதத்துக்கும் ஒரு பங்கு: பேரிடர்க் காலத்துக் குடும்பக் கொடை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த பூகம்பத்தால் கிளம்பிய பேரலைகள், ஒன்பது மணி சுமாருக்கு நாகப்பட்டினம் கடற்கரையில் ஏறி, அந்த ஒரு ஜில்லாவில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன செய்தி பரவிய அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே, கடலைக் கண்ணால் கண்டிராத ஊர்களிலும்கூடக் குடும்பங்கள் தங்கள் அடுக்களையிலும் பீரோவிலும் இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டன. கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் மாதா கோவில் வளாகங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அண்டா அண்டாவாகப் புளிசாதம் கிளறப்பட்டது; பால்காரரும், பேருந்து நடத்துநரும், ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியரும் ஒரே வரிசையில் நின்று கொடுத்தார்கள். பெறுகிறவர் இன்ன ஜாதி, இன்ன மதம் என்று விசாரித்துக்கொண்டு யாரும் கொடுக்கவில்லை. அந்த வாரத்தை அருகிலிருந்து கண்ட எங்களுக்கு, இந்த நாட்டு ஜனங்களின் தர்ம சிந்தையைப் பற்றி இன்றுவரை ஒரு கணமும் சந்தேகம் எழுந்ததில்லை.

சந்தேகம் எழுந்தது வேறு விஷயத்தில். அத்தனை தாராளமாகக் கொடுத்ததில் எவ்வளவு உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததில் எவ்வளவு அவர்களுக்குப் பிரயோஜனப்பட்டது, உண்மையிலேயே அவர்களுக்குத் தோள் கொடுக்க வேண்டிய காலம் வந்தபோது முதல் வாரத்தில் கொடுத்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விகள், சுனாமிக்குப் பிறகும், 2015-ஆம் ஆண்டின் சென்னை வெள்ளத்துக்குப் பிறகும், 2018-ஆம் ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த கேரள வெள்ளத்துக்கும் கஜா புயலுக்கும் பிறகும், 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்த பிறகும் எங்களை விடாமல் தொடர்ந்து வந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அங்கத்தினர் குடும்பங்கள் எங்களிடம் வந்து, என்ன கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று கேட்கின்றன; நாங்களும் அந்தந்தச் சமயத்துக்குத் தோன்றியதை வாய்மொழியாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது போதாது என்று கண்டு, காவிரிப் படுகையில் சிறு குடும்பங்களின் சிறு கொடைகளைத் திரட்டி உரிய இடத்தில் சேர்ப்பிப்பதையே பணியாகக் கொண்ட எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழு, நெடுநாள் ஆலோசித்து இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

பேரிடர் நேர்ந்த வாரத்தில் ஒரு குடும்பம் தன்னால் கொடுக்க முடியும் என்று தீர்மானிக்கும் தொகை நூறு ரூபாயானாலும் லட்சம் ரூபாயானாலும், அதில் பாதிக்கு மேற்படாத பங்கை மட்டும் உடனே கொடுத்துவிட்டு, மீதியை வீட்டிலேயே தனியே முடிந்துவைத்து, ஆறாம் மாதத்தில் ஒரு பங்கும் ஓராண்டு கடந்தபின் மற்றொரு பங்குமாகக் கொடுக்க வேண்டும் என்பதும், கொடுப்பது பணமாகவே இருக்க வேண்டும் என்பதும், அந்தப் பணத்துக்குப் பைசா சுத்தமாகக் கணக்குக் கேட்க வேண்டும் என்பதும் எங்கள் நிலைப்பாடு. கேட்பதற்குச் சற்றுக் கடுமையாக இருக்கலாம். துயரத்தில் தவிப்பவனுக்குப் பாதியைக் கொடுத்துப் பாதியை நிறுத்திவை என்று ஒரு தர்ம ஸ்தாபனமே சொல்லலாமா என்று எங்கள் குழுவிலேயே மூத்த அங்கத்தினர் ஒருவர் கண் கலங்கக் கேட்டார். அவருக்குச் சொன்ன சமாதானத்தையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் துணிமணி விஷயம். 2005 ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் அங்கத்தினர் சிலர் நாகையில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, லாரிகளில் வந்து இறங்கிய மூட்டைகளைப் பிரித்துத் தரம் பிரிக்கும் வேலையைச் செய்தார்கள். ஊக்கு அறுந்த ரவிக்கைகள், ஜிப் போன கால்சட்டைகள், ஒற்றைக் காலுறை, சாயம் போன ஜன்னல் திரை, நாகப்பட்டினத்து வெயிலுக்கு எந்தக் காலத்திலும் தேவைப்படாத கம்பளிக் கோட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. அதே மூட்டையின் அடியில், செய்தித்தாளில் பத்திரமாக மடித்து, முந்தானை ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுக் கைத்தறிச் சேலை ஒன்றும் இருந்தது. யாரோ ஒரு தாய் தன் மகளுக்கென்று வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சேலையை எந்தக் குவியலில் வைப்பது என்று தெரியாமல் எங்கள் அங்கத்தினர் அதைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆயிரம் கந்தல்களுக்கு நடுவே அந்த ஒரு சேலை அதற்குரியவளிடம் போய்ச் சேர வழியே இல்லை. பிரிக்கப்படாத மூட்டைகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்து மண்ணோடு மண்ணாயின. சடலங்களையும் இடிபாடுகளையும் அகற்றுவதே பெரும்பாடாக இருந்த அந்த நாட்களில், துப்புரவுத் தொழிலாளரின் தலையில் இந்தச் சுமையும் ஏறியது.

கடலோரத்து ஜனங்கள் பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தொட மறுத்தபோது, வெளியூரிலிருந்து வந்தவர்களில் சிலர் அதைக் கர்வம் என்று நினைத்தார்கள். அந்த வராந்தாவுக்கு வெளியே நின்றிருந்த நடுத்தர வயது மீனவப் பெண் ஒருவர், எங்கள் அங்கத்தினர் நீட்டிய சேலைகளை வாங்காமல், "நாங்க கொடுத்து வாங்குன சனங்கய்யா. திருவிழான்னா ஊரு பூராவுக்கும் சோறு போட்டவங்க" என்றார். சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஒரு அன்னக்கூடையும், ஏலத்துல மீனு எடுக்கக் கொஞ்சம் முதலும் கெடைச்சா நான் பொழச்சிக்குவேன்" என்று சொன்னார். ஒரு லாரித் துணிக்கு ஆன வாடகையில் எத்தனை அன்னக்கூடைகள் வாங்கியிருக்கலாம் என்று எங்கள் அங்கத்தினர் அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் எந்தப் பேரிடரிலும் துணி வசூலிக்கும் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பெண் கேட்ட முதல் அவருக்குக் கிடைத்ததா என்பதை எங்களால் பின்னர் அறிய முடியவில்லை. அந்தக் குறை எங்களுக்கு இன்றும் இருக்கிறது.

ஆகவே எங்கள் சங்கம் இனிமேல் எந்தப் பேரிடரிலும் பழைய துணியைப் பெற்றுக்கொள்ளாது. புதுத் துணியையும், அரிசி பருப்பையும், பாதிக்கப்பட்ட ஊரிலிருந்து இன்னது இத்தனை வேண்டும் என்று கேட்டு வந்தாலன்றிப் பெற்றுக்கொள்ளாது. பணம் கொடுத்தால் அது பக்கத்து ஊர்க் கடையில் செலவாகிறது. வெள்ளத்தில் பாதிச் சரக்கை இழந்த மளிகைக்காரருக்கும், அவரிடம் மூட்டை தூக்குபவருக்கும் அதனால் ஒரு வாரப் பிழைப்புக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் உடுக்கும் சேலையின் நிறத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, வீடும் வாசலும் போன பிறகும் ஒரு ஸ்திரீக்கு மிஞ்சுகிறது. வருமான வரியில் நன்கொடைக்கு உள்ள சலுகை, பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பதற்கும் கிடையாது என்பதை, அதை எதிர்பார்ப்பவர்களின் பொருட்டு ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறோம்.

அடுத்தது காலம். எங்கள் நிலைப்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. பேரிடர் நேர்ந்த முதல் பத்து நாளில் பசிக்குச் சோறும், குடிக்கத் தண்ணீரும், காயத்துக்கு மருந்தும் வேண்டும். அவற்றைப் பெரும்பாலும் அரசாங்கமும் அக்கம்பக்கத்து ஊர்களும் கொடுத்துவிடுகின்றன. சுனாமியின்போது சில முகாம்களில் ஒரே வேளைக்கு மூன்று இடங்களிலிருந்து சாதம் வந்து இறங்கி, மிஞ்சியதைக் குழி வெட்டிப் புதைக்க நேர்ந்ததை எங்கள் அங்கத்தினர் கண்டார்கள். அந்த ஜனவரி முடிந்தது. பத்திரிகைகளின் முதல் பக்கம் வேறு செய்திக்குப் போயிற்று. சித்திரை பிறந்தபோது, தார் அட்டையால் வேய்ந்த தற்காலிகக் குடியிருப்புகளில், உச்சி வெயிலில் கூரை இளகி நாற்றமடிக்கும் சிற்றறைக்குள், கைக்குழந்தையோடு பகலெல்லாம் உட்கார முடியாமல் தாய்மார்கள் வெளியே கிடைத்த நிழலைத் தேடி அலைந்தார்கள். ஐப்பசி மழையில் அதே குடியிருப்புகளைச் சுற்றித் தண்ணீர் நின்றது. நிரந்தர வீடு கிடைக்க ஓராண்டும் ஈராண்டும் அதற்கு மேலும் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒரு மின்விசிறிக்கும், கூரைமேல் பரப்பும் கீற்றுக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும், தண்டல்காரரின் வட்டியிலிருந்து தப்புவதற்கும் காசு தேவைப்பட்ட அந்த நாட்களில், முதல் வாரத்தில் வரிசையில் நின்று கொடுத்த குடும்பங்கள் தம்மிடம் கொடுக்க இருந்ததையெல்லாம் கொடுத்து முடித்திருந்தன. அதில் அவர்கள் குற்றம் ஏதும் இல்லை. பிறகு கொடுங்கள் என்று அவர்களிடம் அன்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வயல்களின் கதையும் இதுவே. கடல்நீர் ஏறி உவர் பாய்ந்த நிலத்தில், மேல்படிந்த மணலையும் சேற்றையும் அகற்றி, ஜிப்சம் இட்டு, மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மறுபடி நெல் நடுகிற நிலைக்குக் கொண்டுவர ஒரு போகத்துக்கு மேலேயே ஆயிற்று. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியலுக்கு முன் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நெட்டைத் தென்னங்கன்று ஒன்றை அன்றே நட்டவனும் அதில் காய் பறிக்க ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது தோப்பு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அந்த ஐந்தாறு ஆண்டும் அவன் குடும்பம் எதைத் தின்னும் என்பதை முதல் வாரத்து நிவாரணம் யோசிப்பதில்லை. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே கையில் காசில்லாமல், மாதக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களை நாங்கள் அறிவோம்.

தாமதித்துக் கொடுப்பதில் இன்னொரு நியாயமும் உண்டு. முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரிபவர்களுக்கே உதவி போகிறது; கண்ணுக்குத் தெரியாதவர்கள் யார் என்பது மெல்ல மெல்லத்தான் தெரியவருகிறது. சுனாமி என்றதும் எல்லோருக்கும் மீனவர்களும் படகுகளும் நினைவுக்கு வந்தன. ஆகவே படகுகள் வந்து குவிந்தன. முன்பு ஒருவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் ஆளுக்கொரு ஃபைபர் போட்டுக்கு உரிமையாளராகி, கடலில் போட்டுகள் பெருகி, அவற்றில் ஏற ஆளில்லாமல் போன ஊர்களும் உண்டு. மறுபுறம், மீன்பிடிக் கிராமத்தின் பின்புறம் குடியிருந்து அதன் வேலைகளையே நம்பிப் பிழைத்த தலித் குடும்பங்களும், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும், வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளர்களும், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களும், படகு இல்லாதவர்கள் ஆகையால் படகு இழந்தோர் ஜாபிதாவில் இடம்பெறாமல் வெகுகாலம் வெளியே நின்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் மூலமாகவே உதவியைப் பகிர்ந்தளித்தது சௌகரியமாக இருந்தது என்பது மெய். பஞ்சாயத்தில் குரல் இல்லாதவர்களை அது எட்டவில்லை என்பதும் மெய். ஆறாம் மாதத்தில் கொடுக்கிறவனுக்கு, விட்டுப்போனவர் யார் என்று பார்த்துக் கொடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

இதற்கு வரும் ஆட்சேபம் பலமானது. அதை நாங்கள் லேசாக எண்ணவில்லை. மனம் இளகியிருக்கும்போது கொடுக்காதவன் பிறகு கொடுக்கவே மாட்டான். தீபாவளியும் வரும், பள்ளிக்கூடக் கட்டணமும் வரும், எடுத்து வைத்த பணம் இருந்த இடம் தெரியாமல் கரைந்து போகும் என்று சொல்கிறார்கள். எல்லாக் குடும்பங்களின் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் இதே குடும்பங்களில் கரையாத காசு ஒன்று உண்டு என்பதையும் யோசிக்க வேண்டும். குழந்தைக்கு ஜுரம் கண்டு நடுநிசியில் செய்வதறியாமல் தவிக்கும் தாய், குலதெய்வத்தை நினைத்து ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து பூஜை அலமாரியில் வைக்கிறாள். ஜுரம் இறங்கிவிடுகிறது, ஊருக்குப் போக வருஷக்கணக்கில் வாய்க்காமலும் போகலாம், மாதக் கடைசியில் பால்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத நாளிலும் அந்த முடிச்சை யாரும் தொடுவதில்லை. வீட்டில் மிக முரடான பிள்ளையும் தொடமாட்டான். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்களும், நாகூருக்கு நேர்ந்துகொண்டவர்களும் தங்கள் தங்கள் வழக்கப்படி இப்படித்தான் செய்கிறார்கள். நாலு தலைமுறையாக நமக்குக் கைவந்த இந்தப் பழக்கத்தைப் பேரிடர்க் கொடைக்கும் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம். எடுத்து வைப்பது வேறு, முடிந்து வைப்பது வேறு. எடுத்து வைத்தது நம்முடையது, முடிந்து வைத்தது அந்தக் கணமே பிறருடையதாகி, நம்மிடம் நிக்ஷேபமாக இருக்கிறது.

கொடுக்கும் வீட்டிடம் இவ்வளவு கேட்கிற நாங்கள், வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் மீதும், முதலில் எங்கள் மீதே, சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொள்கிறோம். 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்ற சர்வதேச வைத்திய ஸ்தாபனம், சுனாமிப் பணிக்குத் தங்களால் செலவிடக்கூடிய அளவுக்குப் பணம் வந்துவிட்டது, இனிமேல் இந்தக் காரியத்துக்கென்று அனுப்ப வேண்டாம் என்று பகிரங்கமாக அறிவித்தது. வந்ததில் மிஞ்சுவதை வேறு தேசங்களின் துயரங்களுக்குச் செலவிட, கொடுத்தவர்களிடமே எழுதி அனுமதி கேட்டது. உலகமே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் போதும் என்று சொன்னதற்காக அதன்மேல் வருத்தப்பட்டவர்களும் உண்டு. நாங்கள் அதைப் பெரிய நேர்மை என்று கருதுகிறோம். நம்முடைய மணிமேகலைக் காவியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரையில் வற்றாத அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவன், பாண்டிய நாட்டில் மழை பெய்து விளைச்சல் பெருகி உண்ண வருவார் இல்லாமற் போனபோது, பாத்திரம் இருக்கிறதே என்று வயிறு நிறைந்தவர்களை வலிய அழைத்து ஊட்டிக்கொண்டிருக்கவில்லை; சாவக நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டு, அங்கே போகக் கப்பல் ஏறினான். பசி எங்கே இருக்கிறதோ அங்கே பாத்திரம் போக வேண்டும் என்ற விவேகம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. எங்களால் ஒழுங்காகச் செலவிட முடிந்த அளவுக்கு நிதி சேர்ந்த நாளிலேயே வசூலை நிறுத்தி, நிறுத்தியதை அறிவிப்போம். மிஞ்சியதை வேறு காரியத்துக்குத் திருப்ப வேண்டுமானால், கொடுத்த குடும்பத்தைக் கேட்காமல் ஒரு ரூபாயையும் திருப்பமாட்டோம். வேண்டாம் என்பவர்களுக்கு அவர்கள் பங்கைத் திருப்பிக் கொடுப்போம்.

கணக்கைப் பற்றிச் சொல்ல நாம் அந்நிய தேசத்து முன்மாதிரிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கல்யாணங்களிலும் காதணி விழாக்களிலும், பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளிலும், வாசலில் மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பணத்தை எண்ணி ஊரும் பேரும் தகப்பனார் பெயரும் தொகையும் சொல்ல, மற்றவர் நோட்டில் எழுதுகிறார். அன்றிரவே எண்ணி முடித்து, நோட்டும் பெட்டியும் நேர்படும்வரை அந்த வீட்டில் யாரும் படுக்கப் போவதில்லை. இருபது வருஷத்துக்கு முன்பு ஐம்பத்தோரு ரூபாய் எழுதியவர் யார் என்பதை அந்த நோட்டு இன்றும் சொல்லும். படிப்பு அதிகம் இல்லாத குடும்பங்கள் இத்தனை சிரத்தையோடு காக்கும் ஒழுங்கை, ஆடிட்டரும் அலுவலகமும் வைத்துக்கொண்டிருக்கும் தர்ம ஸ்தாபனங்கள் காக்க முடியாது என்றால் அது ஏற்கத்தக்க சமாதானம் அன்று. முப்பதாம் நாளிலும், ஆறாம் மாத முடிவிலும், ஆண்டு முடிவிலும், வந்தது இவ்வளவு, இன்ன ஊரில் இன்ன காரியத்துக்குப் போனது இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு என்று எழுதிச் சங்க வாசலில் ஒட்டுவோம். உதவி பெற்ற ஊரிலும் அதையே பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். கொடுத்தவரிடம் மட்டும் கணக்குச் சொல்லி, பெற்றவரிடம் சொல்லாமல் இருப்பது அரைக் கணக்கு.

நிர்வாகச் செலவையும் மறைக்கமாட்டோம். நூற்றுக்கு நூறும் பாதிக்கப்பட்டவருக்கே என்று விளம்பரம் செய்வது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் லாரிக்கு வாடகை உண்டு, வீடு வீடாகப் போய் விட்டுப்போனவர்களைக் கண்டறியும் இளைஞருக்குச் சாப்பாட்டுச் செலவு உண்டு. அது எவ்வளவு என்று நாங்கள் சொல்லிவிடுவோம்; அதிகம் என்று தோன்றினால் வந்து கேட்கலாம். பேரிடர் நேர்ந்த சில மணி நேரத்துக்குள் கைப்பேசிகளில் பரவும் கியூஆர் குறியீடுகளுக்குப் பணம் அனுப்பி ஏமாந்த குடும்பங்கள் எங்கள் அங்கத்தினர்களிலும் உண்டு. அழுகிற குழந்தையின் படத்தைப் பார்த்துப் பதறி உடனே அனுப்பாமல், பதிவு பெற்ற ஸ்தாபனமா, அந்த ஊரில் அதற்குமுன் வேலை செய்திருக்கிறதா என்று ஒரு நாள் விசாரித்த பின்னர் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் தாமதத்தால் எவரும் பட்டினி கிடந்துவிடமாட்டார்கள் என்பதை மேலே சொன்னோம்.

எங்களை மிகவும் வருத்தும் ஒரு விஷயம் இருக்கிறது. பேரிடர் நிதி பெருகும் மாதங்களில், எங்கள் சங்கம் மாதாமாதம் உதவி வரும் முதியோர் இல்லத்துக்கும், பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிக்கும், காசநோயாளிகளின் சத்துணவுக்கும் வரவேண்டிய தொகை குறைந்துவிடுகிறது. கொடுக்கும் குடும்பம் ஒன்றே, அதன் பணம் ஒன்றே. இங்கே கொடுப்பதை அங்கே திருப்பிவிடுகிறார்கள். அந்த விடுதிப் பிள்ளைகளுக்குச் சுனாமி வரவில்லை என்பதற்காக அவர்கள் பாலில் தண்ணீர் கூடிவிடலாகாது. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீஹாரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியபோது, மகாத்மா காந்தி ஹரிஜன நிதிக்காகத் தென்னாட்டில் யாத்திரை செய்துகொண்டிருந்தார். திருநெல்வேலியிலும் மற்ற ஊர்களிலும் பீஹாருக்காக உருக்கமாக யாசித்தார். அதற்காக ஹரிஜன நிதியை அவர் கைவிட்டுவிடவில்லை. புதிய துயரத்துக்குப் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும். முடியாதவர்கள் பழையதைத் தொடர்ந்து கொடுத்து வருவதே போதும். அவர்களையும் பேரிடருக்குக் கொடுத்தவர்களாகவே நாங்கள் எண்ணுவோம்.

சம்பளத்தில் பிடித்தம் செய்வதைப் பற்றியும் எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள். தேசப் பிரிவினையால் அகதிகளாய் வந்தவர்களின் பொருட்டு 1948 ஜனவரியில் நேரு விடுத்த வேண்டுகோளிலிருந்து பிறந்த பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதி, அரசாங்க வரவுசெலவிலிருந்து ஒரு காசும் பெறாமல் ஜனங்கள் மனமுவந்து கொடுப்பதைக் கொண்டே நடந்து வருவது. மனமுவந்து என்ற அந்தச் சொல்லில்தான் அதன் கௌரவம் இருக்கிறது. ஒரு நாள் ஊதியத்தைக் கொடுக்கலாமா என்று ஊழியரைக் கேட்டு, எழுத்தில் சம்மதம் பெற்றுப் பிடிக்கட்டும். கேட்காமல் பிடித்துவிட்டுப் பிறகு ஆட்சேபம் உள்ளவர் மனுக் கொடுக்கலாம் என்பது கொடை ஆகாது. கடைநிலை ஊழியர் ஒருவரின் ஒரு நாள் கூலி அவர் வீட்டு அரிசி என்பதை மேலதிகாரிகள் நினைக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் அப்படியே. சம்பாதிப்பவர் மட்டும் தீர்மானித்துக் கொடுத்துவிட்டு வருவதைக் காட்டிலும், அடுப்பங்கரையில் வைத்து எல்லோரும் பேசி, இந்த மாதம் எதைக் குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்து கொடுப்பதே உசிதம். தினமும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப்பானையில் எடுத்துப் போட்ட நம் பாட்டிமார், பிடி அரிசி என்ற அந்த வழக்கத்துக்கு எவருடைய உத்தரவையும் எதிர்பார்த்தவர்கள் அல்லர்.

பெறுபவரை வரிசையில் நிறுத்தி, பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை எங்கள் சங்கம் முன்பு ஓரிரு தடவை செய்திருக்கிறது. இனிச் செய்யாது. அப்படிப் படம் கேட்கும் நன்கொடையாளரின் பணத்தையும் ஏற்காது.

இந்த நிலைப்பாட்டை வருகிற ஆண்டிலிருந்தே நடைமுறைக்குக் கொண்டுவருகிறோம். எங்கள் அங்கத்தினரான தையற்காரர் ஒருவர், கடையில் மிஞ்சிய மஞ்சள் துணியில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்குப் பைகள் தைத்துக் கொடுத்திருக்கிறார். முதல் தவணையாக 300 பைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு இருக்கும். அதில் பேரிடரின் பெயரையும், முடிந்த தேதியையும், அவிழ்க்க வேண்டிய இரண்டு தேதிகளையும் வீட்டிலுள்ள குழந்தையைக் கொண்டே எழுதச் சொல்லலாம். தொகையை எழுத வேண்டியதில்லை. பை வேண்டியவர்கள் சங்க அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் வந்து பெற்றுக்கொள்ளலாம்; ஆறாம் மாதம் பிறந்ததும் நினைவூட்ட எங்கள் அங்கத்தினர் ஒருவர் வீட்டுக்கு வருவார்.